கோயில் பதிவேட்டை டேட்டாபேஸாக மாற்றுவது எப்படி: அடிப்படையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

1860 நவம்பர் 16ஆம் தேதி, சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் வந்து நின்றது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு வந்தார்கள். கப்பல் பட்டியலில் ஆளுக்கு ஒரு வரி: எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், அங்க அடையாளம். குமாஸ்தாக்கள் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதியதால் பெயர்கள் பலவாறு சிதைந்திருக்கின்றன. ஆனாலும் அந்தப் பட்டியல் இன்றைக்கும் பயன்படுகிறது. காரணம், ஒவ்வொருவருக்கும் கொடுத்த காலனி எண். பழைய பிறப்பு, திருமணப் பதிவுகளிலும் அந்த எண்ணைக் குறித்திருப்பார்கள். முனியம்மா என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் எத்தனையோ முனியம்மாக்கள் வருவார்கள். எண் கிடைத்துவிட்டால் கப்பலும் கிராமமும் தெரிந்துவிடும்.

நான் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயிலுக்குப் பதிவேடு பார்த்துக்கொள்கிறேன். உறுப்பினர், சந்தா, தைப்பூசக் காவடி, ஈமநிதி எல்லாம் அதில் அடக்கம். எனக்கு முன்னால் இருந்தவர்கள் நோட்டில் எழுதினார்கள். பிறகு ஆக்சஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் வந்தது, பிறகு எக்செல், பிறகு கைபேசிச் செயலி. ஒவ்வொரு மாற்றத்திலும் மென்பொருள் போனது, தகவல் மட்டும் அடுத்ததற்கு வந்தது. வரும் வழியில் ஒழுங்காக வந்ததும் உண்டு, சிதறியதும் உண்டு. எது ஒழுங்காக வந்தது என்று பார்த்தால், முதலில் நோட்டில் கோடு போட்டவர் யோசித்துப் போட்ட பகுதிகள்தான். அந்த யோசனையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். கோயிலை உதாரணமாக எடுத்துக்கொண்டாலும் கடைக்கும் பள்ளிக்கும் சங்கத்துக்கும் இதே வழிதான்.

சொற்களை முதலில் பேசி வைத்துக்கொள்வோம். டேட்டாபேஸ் என்றால் ஒன்றோடொன்று இணைந்த அட்டவணைகளின் தொகுப்பு. அட்டவணை என்றால் டேபிள். அதில் குறுக்கே ஓடுவது வரிசை, மேலிருந்து கீழே போவது பத்தி. மற்றவை வரும்போது சொல்கிறேன்.

படி 1: கணினியை மூடி வைத்துவிட்டு ஆட்களிடம் பேசுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். ஒரு தாளை எடுத்துக்கொண்டு, வேலையைத் தினமும் செய்கிறவர் பக்கத்தில் உட்காருங்கள். அவர் சொல்வதை முழு வாக்கியங்களாக எழுதுங்கள். "ஒரு குடும்பத்தில் பல உறுப்பினர்கள் இருப்பார்கள்." "ஒரு ரசீதில் சந்தாவும் அன்னதான நன்கொடையும் சேர்ந்து வரலாம்." "ஒருவர் ஒரே தைப்பூசத்தில் ஒரு காவடிதான் எடுப்பார்."

எங்கள் பொருளாளருடன் நான் பேசியது இப்படிப் போனது.

"மாமா, கல்யாணமாகிப் போன பொண்ணு ஈமநிதியில் சேருவாளா?"

"புருஷன் வீட்டுச் சங்கத்தில் இல்லேன்னா சேர்த்துக்குவோம்பா."

"அது எங்கே எழுதியிருக்கு?"

"எங்கேயும் இல்ல. எனக்குத் தெரியும்."

முப்பது வருஷமாக அவர் மனதிலேயே இருந்த விதி அது. இதைக் கேட்காமல் அட்டவணை போட்டிருந்தால், திருமணமான மகளைக் குடும்பத்திலிருந்து நீக்கும்போது ஈமநிதியிலிருந்தும் நீக்கியிருப்பேன். துக்க வீட்டில் போய் "உங்கள் பெயர் பட்டியலில் இல்லை" என்று சொல்ல வேண்டிய நிலை வந்திருக்கும். அப்படி ஒரு நிலையை யாருக்கும் கொடுக்கக் கூடாது. அதனால் இந்தப் படிக்கு ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும்.

எழுதிய வாக்கியங்களில் பெயர்ச்சொற்களைக் கோடிடுங்கள்: குடும்பம், உறுப்பினர், ரசீது, காவடி. இவை பெரும்பாலும் அட்டவணைகளாகும். வினைச்சொற்கள் அவற்றை இணைக்கும் உறவுகளாகும். ஒவ்வொரு உறவுக்கும் இரண்டு பக்கமிருந்தும் கேளுங்கள்: ஒரு குடும்பத்தில் எத்தனை உறுப்பினர்? ஒரு உறுப்பினர் எத்தனை குடும்பத்தில்? இரண்டாவது கேள்வியைக் கேட்க மறந்துவிடுவோம். பெட்டியும் கோடுமாக இதை வரையும் முறையைப் பீட்டர் சென் 1976இல் கொடுத்தார். இதற்கு இன்றுவரை பென்சில் போதும்.

படி 2: "ஒரு வரிசை என்றால் என்ன?"

ஒவ்வொரு அட்டவணைக்கும் இந்த வாக்கியத்தை நிரப்புங்கள்: "இதில் ஒரு வரிசை என்பது ஒரு ______." கோடிட்ட இடத்தில் 'அல்லது' வந்தால் நில்லுங்கள். எங்கள் பழைய எக்செலில் ஒரு வரிசை என்பது ஒரு உறுப்பினர், அல்லது ஒரு குடும்பம், சில இடங்களில் ஒரு நன்கொடை. மொத்தம் எத்தனை உறுப்பினர் என்ற எளிய கேள்விக்கு மூன்று பேர் எண்ணி மூன்று விடை சொன்னார்கள். எண்ணியவர்கள் மேல் தவறில்லை. எதை எண்ணுவது என்றே அந்தத் தாள் சொல்லவில்லை.

படி 3: மாறாத அடையாளம் ஒன்றைக் கொடுங்கள்

ஒரு வரிசையை மற்ற எல்லாவற்றிலிருந்தும் பிரித்துக் காட்டும் மதிப்புக்குப் பிரைமரி கீ என்று பெயர். இரண்டு வரிசைக்கு ஒரே கீ இருக்கக் கூடாது, கீ காலியாகவும் இருக்கக் கூடாது, கொடுத்தபின் மாறவும் கூடாது.

பெயர் இதற்கு உதவாது. நம் ஊரில் இன்னும் உதவாது. இங்கே முதலியார் மூட்லி ஆனது, பிள்ளை பில்லே ஆனது, படையாட்சி படயாச்சி ஆனது. தகப்பனார் பெயரே குடும்பப் பெயராக நின்றுவிட்ட வீடுகளும் உண்டு. ஒரே வீட்டில் அண்ணன் தம்பி இருவர் பெயரும் இரண்டு எழுத்துக்கூட்டலில் பதிவாகியிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் அரசு தரும் 13 இலக்க அடையாள எண்ணை வைக்கலாமே? என் முதல் வடிவமைப்பில் நானும் அப்படித்தான் செய்தேன். மூன்று மாதத்தில் மாற்ற வேண்டி வந்தது. ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு எண்ணிலேயே பெரிய பாடம் இருக்கிறது.

தென்னாப்பிரிக்க அடையாள எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த நான்கு 5000க்குக் கீழே இருந்தால் பெண், அதற்கு மேல் ஆண். அடுத்தது குடியுரிமை. கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. முன்பு நிறவெறி ஆட்சிக் காலத்தில், இதே எண்ணில் ஒருவரின் இனத்தையும் குறித்து வைத்தார்கள். 1986இல் சட்டம் மாறி அந்த இனக் குறி நீக்கப்பட்டபோது எண்களையே மாற்றித் தர வேண்டியிருந்தது. ஒரு மனிதனைப் பற்றிய செய்தியை, அதுவும் அநியாயமாக ஒட்டப்பட்ட ஒரு முத்திரையை, அவன் அடையாள எண்ணுக்குள் வைத்துத் தைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கனமான உதாரணம் எனக்குத் தெரியாது. இனக் குறி போன பிறகும் சிக்கல் தீரவில்லை. ஆண்டுக்கு இரண்டே இலக்கம் என்பதால் 1920இல் பிறந்த பாட்டியும் 2020இல் பிறந்த பேரனும் ஒரே இலக்கங்களில் தொடங்குவார்கள். குடியுரிமை மாறினால் எண் சொல்லும் செய்தி பொய்யாகும், அல்லது எண் மாற வேண்டும். செய்தி ஏந்திய கீ, செய்தி மாறும்போது ஆட்டம் காணும்.

எங்கள் கோயிலில் உடைந்த இடம் இன்னும் எளியது. தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த குருக்களுக்கு இந்த ஊர் எண்ணே கிடையாது. அவருக்குக் கடவுச்சீட்டு எண்ணைப் போட்டோம். அடுத்த முறை புதுப்பித்ததும் அது மாறிவிட்டது. அப்புறம், 2000 முதல் 2009 வரை பிறந்த பிள்ளைகளின் எண் பூஜ்ஜியத்தில் தொடங்கும். எக்செல் அதை வெறும் எண்ணாக எடுத்துக்கொண்டு முன்னால் இருந்த பூஜ்ஜியங்களை விழுங்கிவிட்டது.

ஆகவே, அர்த்தமே இல்லாத ஒரு தொடர் எண்ணைக் கொடுங்கள்: 1, 2, 3. அதில் ஆண்டு, பகுதி, குடும்பம் எதையும் புகுத்த வேண்டாம். ஒருவர் விலகினாலும் மறைந்தாலும் அவர் எண்ணை வேறொருவருக்குத் தரக் கூடாது. இதோடு இன்னொன்றும் முக்கியம். தொடர் எண் கொடுத்துவிட்டால் மட்டும் இரட்டைப் பதிவு நிற்காது. ஒரே அம்மா 214 ஆகவும் 560 ஆகவும் இரண்டு முறை சேர்ந்துவிடுவார். எனவே நிஜ உலகில் எது இரண்டு முறை வரக்கூடாதோ, அதற்குத் தனியாக ஒரு யூனிக் கட்டுப்பாடு போடுங்கள். உறுப்பினரின் அரசு எண்ணை வாங்கும் சங்கமென்றால், அதை யூனிக் என்ற கட்டுப்பாட்டோடு, காலியாக இருக்கவும் அனுமதித்து, சாதாரணப் பத்தியாக வைக்கலாம்.

படி 4: ஒரு செய்தி ஒரே இடத்தில்

இந்த வழிகாட்டியின் நடுத்தூண் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

டர்பனில் பல தெருக்களின் பெயர்கள் மாறின. நம் முன்னோர் கடை வைத்த கிரே தெரு, டாக்டர் யூசுஃப் தாதூ தெருவானது. வெஸ்ட் தெரு, டாக்டர் பிக்ஸ்லி கஸேமே தெருவானது. எங்கள் பழைய தாளில் தெருப் பெயர் ஒவ்வொரு நன்கொடை வரிசையிலும் எழுதியிருந்தது. நூற்றுக்கணக்கான இடங்களில் மாற்ற வேண்டும். பாதி மாறியது, பாதி மாறவில்லை. ஒரே கடை இரண்டு தெருவில் இருப்பதாகப் பட்டியல் சொன்னது, ஒரே வீட்டுக்கு இரண்டு அழைப்பிதழ் போனது. தெருவை ஒரு அட்டவணையில் ஒரு வரிசையாக வைத்து, மற்ற இடங்களில் அதன் எண்ணை மட்டும் எழுதியிருந்தால் ஒரு திருத்தத்தோடு வேலை முடிந்திருக்கும்.

இதைக் கணித ஒழுங்கோடு சொன்னவர் ஐபிஎம்மில் வேலை பார்த்த எட்கர் காட். 1970இல் வந்த அவர் கட்டுரை, தகவலை அட்டவணைகளாகவும் உறவுகளாகவும் பார்க்கச் சொன்னது. தகவல் கணினியின் வட்டில் (டிஸ்க்) எப்படிக் கிடக்கிறது என்பதை, அதைப் பயன்படுத்துகிறவர் அறிய வேண்டியதில்லை என்பது அதன் உயிர்நாடி. 1981இல் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருதைப் பெற்றார். அவர் தொடங்கிவைத்த நார்மலைசேஷன் என்ற முறையை ஒரு காவடித் தாளில் செய்து பார்ப்போம்.

பழைய தாளில் பத்திகள் இவை: உறுப்பினர் எண், பெயர், கைபேசிகள், பகுதி, அஞ்சல் குறியீடு, ஆண்டு, காவடி வகை, கட்டணம், கட்டிய தேதி.

முதல் நிலை: ஒரு கட்டத்தில் ஒரு மதிப்பு. கைபேசிகள் என்ற கட்டத்தில் மூன்று எண்களைக் காற்புள்ளி போட்டு எழுதியிருந்தார்கள். "இந்த எண் யாருடையது?" என்று தேடவும் முடியாது, ஒன்றை மட்டும் நீக்கவும் முடியாது. கைபேசி1, கைபேசி2, கைபேசி3 என்று பத்திகளைக் கூட்டுவதும் தீர்வாகாது, நான்காவது எண் வரும் நாளில் மாட்டிக்கொள்வோம். கைபேசிக்கு என்று தனி அட்டவணை: ஒரு வரிசை என்பது ஒருவரின் ஒரு எண்.

இரண்டாம் நிலை: இந்தத் தாளில் ஒரு வரிசையை அடையாளம் காட்டுவது உறுப்பினர் எண்ணும் ஆண்டும் சேர்ந்து. ஆனால் பெயர் ஆண்டைச் சார்ந்ததா? இல்லை, உறுப்பினரை மட்டும் சார்ந்தது. பத்து வருஷம் காவடி எடுத்தவரின் பெயர் பத்து முறை எழுதப்பட்டு, அதில் இரண்டு முறை பிழையாக இருக்கும். பெயரும் பகுதியும் உறுப்பினர் அட்டவணைக்குப் போகட்டும். காவடிப் பதிவில் உறுப்பினர் எண், ஆண்டு, வகை, தேதி போதும்.

மூன்றாம் நிலை: அஞ்சல் குறியீடு 4092 என்பது உறுப்பினரைப் பற்றிய செய்தியா? அது சாட்ஸ்வொர்த்தைப் பற்றிய செய்தி. பகுதிக்கு ஒரு அட்டவணை வைத்து அங்கே எழுதுங்கள். கட்டணமும் அப்படித்தான், அது ஆளைப் பற்றியது அல்ல, வகையைப் பற்றியது. இங்கே நான் முதலில் ஒரு தவறு செய்தேன். காவடி வகை அட்டவணையிலேயே கட்டணத்தை வைத்துவிட்டேன். அடுத்த வருஷம் கமிட்டி கட்டணத்தைக் கூட்டியதும், போன வருஷக் கணக்கும் சேர்ந்து மாறிவிட்டது. கட்டணம் வகையையும் ஆண்டையும் சேர்த்துச் சார்ந்தது. எனவே அதற்கு ஒரு தனி அட்டவணை: வகை, ஆண்டு, கட்டணம்.

ஒவ்வொரு பத்தியிலும் விரல் வைத்து "நீ யாரைப் பற்றிப் பேசுகிறாய்?" என்று கேட்டுப் பழகுங்கள். இந்த வரிசையின் அடையாளத்தைப் பற்றி என்றால் இருக்கலாம். வேறொன்றைப் பற்றி என்றால் அதன் வீட்டுக்கு அனுப்புங்கள். நிலைகளின் பெயர்கள் மறந்து போனாலும் பரவாயில்லை.

இனி இதன் மறுபக்கம். ஒரே மதிப்பு இரண்டு இடத்தில் இருப்பதெல்லாம் நகல் அல்ல. ரசீது அடித்த நாளில் வாங்கிய தொகையை ரசீதிலேயே எழுத வேண்டும். அது "அன்று என்ன நடந்தது" என்ற செய்தி, "இன்றைய கட்டணம் என்ன" என்பதிலிருந்து வேறுபட்டது. கடை வைத்திருப்பவர்களுக்கு வாட் வரி இதே கதை. 1993 ஏப்ரல் முதல் 14 சதவீதம், 2018 ஏப்ரல் முதல் 15 சதவீதம். 2025 மே 1 முதல் 15.5 ஆகும் என்று அறிவித்துவிட்டு, ஏப்ரலிலேயே அதைத் திரும்பப் பெற்றார்கள். எந்தத் தேதியிலிருந்து எந்த விகிதம் என்று தனி அட்டவணை வைத்திருந்தால், ஒரு வரிசை சேர்த்துப் பிறகு நீக்கும் வேலைதான். விற்பனை ரசீதில் மட்டும் அன்று போட்ட வரி அப்படியே நிற்க வேண்டும்.

முகவரியிலும் பழையதை அழித்து எழுதும் முன் யோசியுங்கள். எந்த இனத்தவர் எந்தப் பகுதியில் வாழலாம் என்று பிரித்து 1950இல் வந்த குழுப் பகுதிகள் சட்டத்தால் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் நம் குடும்பங்கள் விரட்டப்பட்டு, சாட்ஸ்வொர்த்திலும் பின்னர் ஃபீனிக்ஸிலும் குடியேற்றப்பட்டன. பழைய நோட்டில் ஒரு பெரியவர் புதிய முகவரியை எழுதும்போது பழையதைக் கிழிக்காமல் ஒரு கோடு மட்டும் போட்டு வைத்திருந்தார். எந்தக் குடும்பம் எங்கிருந்து வந்தது என்பது அந்தக் கோட்டுக்கு அடியில் இன்னும் படிக்கக் கிடைக்கிறது. அவர் செய்ததை நீங்களும் செய்யலாம்: முகவரி அட்டவணையில் 'எப்போதிலிருந்து', 'எப்போது வரை' என்று இரண்டு பத்தி.

படி 5: பலருக்குப் பல என்றால் நடுவில் ஒன்று

ஒரு தொண்டர் பல விழாக்களில் வேலை செய்வார், ஒரு விழாவில் பல தொண்டர்கள் இருப்பார்கள். நடுவில் 'தொண்டு' என்று ஒரு அட்டவணை: தொண்டர் எண், விழா எண், செய்த வேலை. ஆடி மாதக் கஞ்சிக்கு யார் அடுப்படியில் நின்றார் என்ற செய்திக்கு இருக்க இடம் அங்கேதான். நடு அட்டவணைக்கு நல்ல பெயர் வைக்க முடிந்தால் வடிவமைப்பு சரியான வழியில் போகிறது என்று நம்பலாம்.

படி 6: எது எண், எது எழுத்து, எது காலி

கூட்டவோ கழிக்கவோ போவதில்லை என்றால் அது எண்ணே அல்ல. 031இல் தொடங்கும் டர்பன் தொலைபேசி எண்ணை எழுத்தாக வையுங்கள், பூஜ்ஜியம் தப்பும். அடையாள எண்ணும் அப்படியே.

பணத்தை ஃப்ளோட் என்ற தசம வகையில் ஒருபோதும் வைக்காதீர்கள். கணினி அதை இரண்டின் அடுக்குகளாக வைப்பதால் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராது, கடைசியில் ஒரு துளி ஒட்டிக்கொண்டு வரும். ஆண்டுக் கணக்கில் சில சென்ட் உதைக்கும், தணிக்கையில் நாள்கணக்கில் தேட வைக்கும். டெசிமல் வகையில் வையுங்கள், அல்லது முழு எண்ணாகச் சென்ட்டில் வையுங்கள். பழைய கணக்குகளை ஏற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 1961 பிப்ரவரி 14க்கு முன் இங்கே ராண்ட் இல்லை, பவுண்டு, ஷில்லிங், பென்னிதான். ஒரு பவுண்டுக்கு இரண்டு ராண்ட் என்று மாற்றினார்கள். நோட்டில் உள்ள தொகையை நாணயத்தின் பெயரோடு அப்படியே ஏற்றுங்கள், ராண்டில் எவ்வளவு என்பதைப் பக்கத்தில் கணக்கிட்டுக் காட்டலாம்.

தேதியை ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் எழுதுங்கள். 03/04/2019 என்பதை மார்ச் என்றும் படிக்கலாம், ஏப்ரல் என்றும் படிக்கலாம்.

காலி என்பதற்கு நிறைய கவனம் வேண்டும். நன்கொடை பூஜ்ஜியம் என்பதும், தொகை தெரியவில்லை என்பதும் ஒன்றல்ல. தெரியாததற்கு நல் (NULL) என்ற தனிக் குறி இருக்கிறது. பிறந்த தேதி தெரியாத பாட்டிகளுக்கெல்லாம் யாரோ ஜனவரி 1 என்று போட்டிருந்தார்கள். தெரிந்த ஆண்டை ஒரு பத்தியில் வைத்து, தெரியாத நாளைக் காலியாக விடுவதே அவர்களுக்கும் நாம் செய்யும் மரியாதை.

படி 7: விதிகளை டேட்டாபேஸிடமே ஒப்படையுங்கள்

செயலி சரிபார்த்துக்கொள்ளும் என்று விடாதீர்கள். செயலி மாறும், கூடவே அதன் சரிபார்ப்பும் போய்விடும். ஒருமுறை எங்கள் தொண்டர் ஒருவர் ஊரைவிட்டுப் போன குடும்பத்தை நீக்கினார். அந்தக் குடும்பத்தின் பன்னிரண்டு வருஷ ரசீதுகள் யாருடையவை என்று தெரியாமல் அநாதையாக நின்றன. பழைய காப்புப் பிரதி ஒன்று கிடைத்ததால் தப்பித்தோம்.

இதைத் தடுப்பது ஃபாரின் கீ. ரசீதில் எழுதும் குடும்ப எண் குடும்ப அட்டவணையில் இருந்தே ஆக வேண்டும் என்ற ஒப்பந்தம் அது. ரசீது இருக்கும்வரை குடும்பத்தை நீக்கவிடாது. கூடவே காலியாக இருக்கக் கூடாதவற்றுக்கு நாட் நல், தொகை பூஜ்ஜியத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்பது போன்றவற்றுக்குச் செக் கட்டுப்பாடு. ஒரு எச்சரிக்கை: எஸ்.க்யூ.லைட் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் ஃபாரின் கீயை எழுதினாலும், இயல்பாக அது அணைக்கப்பட்டே இருக்கும். ஒவ்வொரு இணைப்பிலும் அதை இயக்க வேண்டும். மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு மென்பொருளின் பழைய மைஐசாம் வகை அட்டவணைகள் ஃபாரின் கீயைப் பேசாமல் ஏற்றுக்கொண்டு, செயல்படுத்தாமல் விட்டுவிடும். இன்னோடிபி வகையைப் பயன்படுத்துங்கள். எழுதியாகிவிட்டது என்று இருக்காமல், வேண்டுமென்றே ஒரு தப்பான வரிசையைச் சேர்த்துப் பாருங்கள். மறுத்தால் சரி.

படி 8: முழுதாக நடக்கட்டும், அல்லது நடக்கவே வேண்டாம்

ரசீதுத் தலைப்பு ஒரு அட்டவணையில், அதன் வரிகள் இன்னொன்றில். தலைப்பு ஏறி வரிகள் ஏறும் முன் லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டில் மின்சாரம் போனால்? இந்த நாட்டில் அது கற்பனைக் கேள்வி அல்ல. பல மாற்றங்களை ஒரே செயலாகக் கட்டுவது டிரான்சாக்ஷன். இரண்டையும் ஒரு டிரான்சாக்ஷனுக்குள் வைத்தால், மின்சாரம் திரும்பியதும் டேட்டாபேஸ் பாதியில் நின்றதை ரத்து செய்துவிடும். எஸ்.க்யூ.லைட், போஸ்ட்கிரெஸ் போன்ற இலவச மென்பொருள்களிலேயே இது இருக்கிறது.

படி 9: வேகத்தைப் பிறகு பாருங்கள்

சில ஆயிரம் உறுப்பினர்கள் கொண்ட கோயிலுக்கு வேகம் ஒரு பிரச்சினையே அல்ல. தேடல் தாமதித்தால் அந்தப் பத்திக்கு, புத்தகத்தின் கடைசியில் வரும் சொற்பட்டியல் போன்ற இன்டெக்ஸ் போடுங்கள். அதற்குமேல் தேவைப்பட்டால்தான் வேண்டுமென்றே ஒரு நகலை வைத்துக்கொள்வது பற்றி யோசிக்கலாம், அதையும் யார் எப்போது புதுப்பிப்பது என்று எழுதி வைத்துவிட்டு.

"இதெல்லாம் பழைய முறை, மாங்கோடிபியில் அட்டவணையே வேண்டாமே" என்று சங்கத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. 2009இல் வந்த அந்த மென்பொருளுக்கு அதன் இடம் உண்டு. ஆனால் அதிலும் உறுப்பினரின் பெயரை எத்தனை இடத்தில் எழுதுவது, அடையாளம் எது என்ற கேள்விகளுக்கு விடை சொல்லித்தான் ஆக வேண்டும். அதில் வரிசைக்குப் பதிலாக இருப்பது ஆவணம். பல ஆவணங்களை ஒரே செயலாகத் திருத்தும் டிரான்சாக்ஷனை அவர்களும் 2018இல் சேர்த்தார்கள். வடிவம் இல்லாத தகவல் கிடையாது. டேட்டாபேஸ் சொல்லாவிட்டால், அந்த வடிவம் நிரல் எழுதியவரின் மனதில் இருக்கும், எங்கள் பொருளாளர் மாமாவின் விதியைப் போல.

படி 10: பழையதை ஏற்றுங்கள், தேவையில்லாததை விடுங்கள்

ஏற்றும் முன் ஒவ்வொரு பத்திக்கும் "இது ஏன் வேண்டும்?" என்று கேளுங்கள். போப்பியா என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழு வீச்சில் நடப்பில் இருக்கிறது. மதம், இனம், உடல்நிலை போன்றவற்றை அது சிறப்புத் தகவலாகப் பார்க்கிறது. பழைய படிவத்தில் இருந்த சாதிப் பத்தியை நான் ஏற்றவில்லை, கமிட்டியும் ஒத்துக்கொண்டது. பிறகு அரசு அடையாள எண்ணையும் விட்டுவிட்டோம். எங்கள் வேலைக்கு அது தேவையே இல்லை.

தகவலை நேரே புதிய அட்டவணைகளில் கொட்ட வேண்டாம். முதலில் பழைய தாளை மாற்றமில்லாமல் ஒரு தற்காலிக அட்டவணையில் வையுங்கள். அங்கிருந்து குடும்பம், உறுப்பினர், கைபேசி, ரசீது என்ற வரிசையில் நகர்த்துங்கள். ஃபாரின் கீ எதைச் சுட்டுகிறதோ அது முதலில் போக வேண்டும். கட்டுப்பாடுகள் மறுக்கும் வரிசைகளைத் தள்ளிவிடாமல் ஒரு பட்டியலாக எடுத்து வையுங்கள், அவைதான் ஆளிடம் கேட்டுத் திருத்த வேண்டியவை. பிறகு பழைய தாளிலும் புதிய டேட்டாபேஸிலும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒப்பிடுங்கள்: ஒவ்வொரு ஆண்டும் எத்தனை ரசீது, மொத்தம் எவ்வளவு? தொகை ஒரு சென்ட் கூட வேறுபடக் கூடாது.

எங்களிடம் மறுக்கப்பட்ட வரிசைகள் நூற்றுக்கு மேல் இருந்தன. தைப்பூசத்துக்கு மூன்று வாரம் முன்பே, தொலைபேசி முகவரி எதுவும் இல்லாமல் எண்ணையும் பெயரையும் மட்டும் பெரிய எழுத்தில் அச்சடித்து, கொடிமரத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினோம். கீழே ஒரு பென்சிலைக் கயிற்றில் கட்டி வைத்தோம். மூன்றாவது வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தபோது, 214ஆம் எண்ணுக்கும் 560ஆம் எண்ணுக்கும் நடுவே யாரோ ஒரு வளைகோடு போட்டு, "ரெண்டும் எங்க அம்மாதான்" என்று எழுதியிருந்தார்கள்.